தூக்காமலே அறியப்படும் உச்சப் பலம்

ஒருவனுடைய உடற்பலத்தை அளப்பதற்குப் பழைய உலகம் கண்ட வழி மிக எளியது. ஒரு பாரத்தை அவன் முன்னே வைத்து, “தூக்கு, பார்க்கலாம்” என்று சொல்வதே அவ்வழி. தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றின் பொதுவிடங்களில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல் இதற்குத் தக்க சான்று. உருண்டையாய், பிடிமானமின்றி, வழுவழுப்பாய் அமைந்த அக்கல்லைக் குனிந்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு உயர்த்தி, தோளுக்கு மேலே கொண்டுசென்று பின்புறமாக வீழ்த்துபவனே தேர்ந்த இளைஞன் என்று ஊர் ஒப்புக்கொண்டது. பெண் கொடுக்கும் வீட்டாரும் அக்கல்லின் தீர்ப்பை மதித்தனர் என்பது வழக்கு. எனினும், கல் சொல்லக்கூடிய விடைகள் இரண்டேதான்: தூக்கினான், அல்லது தூக்கவில்லை. தூக்கியவனிடம் இன்னும் எவ்வளவு பலம் எஞ்சியிருந்தது என்பதையோ, தூக்காதவனுக்கு எவ்வளவு பலம் குறைந்தது என்பதையோ கல் சொல்லாது. தூக்க முயன்று முதுகு பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவனைப் பற்றியும் அதற்குக் கவலையில்லை.

கல்லின் இடத்தில் இன்று இரும்புத் தண்டும் அதன் இரு முனைகளிலும் பூட்டப்படும் தட்டுகளும் வந்துள்ளன. தட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் பாரத்தை நுணுக்கமாக மாற்றலாம். ஆகவே பலத்துக்கு ஓர் எண்ணைக் கொடுக்க முடிகிறது. ஒழுங்கான முறையில், ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய, இரண்டாவது தடவை தூக்க முடியாத பாரம் எதுவோ அதுவே அந்தப் பயிற்சியில் ஒருவனுடைய உச்சப் பலம். பயிற்சியாளர்கள் இதனை ‘ஒருமுறை உச்சம்’ என்பர். இவ்வெண் தெரிந்துவிட்டால் பயிற்சியை அளவிட்டு வகுப்பது எளிதாகும். உச்சத்தின் முக்கால் பங்கைத் தூக்குக, ஐந்தில் நான்கு பங்கைத் தூக்குக என்று, வைத்தியர் மருந்துக்கு அளவு சொல்வதுபோலச் சொல்லலாம்.

ஆனால் அந்த எண்ணை அறிவதற்கு ஒவ்வொருவரையும் உச்சப் பாரத்தின் கீழ் நிறுத்திப் பார்ப்பது அறிவுடைமையாகுமா? புதிதாகப் பயிற்சிக்கு வந்த இளைஞனுக்குத் தூக்கும் முறையே இன்னும் கைவந்திராது. முழங்கால் அறுவைச் சிகிச்சையிலிருந்து எழுந்தவருக்கு அப்பாரம் மீண்டும் காயத்தை விளைக்கலாம். எழுபது வயது மூதாட்டிக்கு அச்சோதனை தேவையே இல்லை. பந்தயத்துக்கு ஆயத்தமாகும் தேர்ந்த வீரனுங்கூட வாரந்தோறும் உச்சத்தைத் தொட்டுப் பார்த்தால், பயிற்சிக்குரிய வலுவைச் சோதனையிலேயே செலவிட்டுவிடுவான். ஆகவே ஒரு கேள்வி எழுந்தது. உச்சப் பாரத்தைத் தூக்காமலே, அதற்குக் குறைந்த பாரமொன்றைச் சில முறை தூக்கி, அதிலிருந்து உச்சத்தைக் கணக்கிட முடியாதா?

முடியும் என்பதே விடை. எந்த அளவுக்கு முடியும், எவ்விடத்தில் அக்கணக்கு ஏமாற்றும் என்பதே இங்கு விளக்கத்துக்குரிய பொருள்.

இக்கதையின் தொடக்கம் ஒரு விளையாட்டு மைதானத்தில் அன்று, ஒரு வைத்தியசாலையில். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்தில், அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்த காடினர் இராணுவ வைத்தியசாலைக்கு, காலிலும் முழங்காலிலும் காயமுற்ற போர்வீரர் பலர் வந்து சேர்ந்தனர். எலும்பு பொருந்தினாலும், பல நாள் கட்டுப் போட்டுக் கிடந்த காலின் தசைகள் மெலிந்து போயின. அக்காலத்து வைத்திய வழக்கம், இலேசான பாரத்தை மிகப் பல தடவை அசைக்கச் செய்வதாகும். அதனால் தாங்குசக்தி ஓரளவு வந்தது. இழந்த பலமோ விரைவில் மீளவில்லை. வீரர்கள் மாதக்கணக்கில் கட்டிலிலேயே காத்திருக்க நேர்ந்தது.

அங்கே பணிபுரிந்தவர் தோமஸ் டெலோர்ம் என்னும் இளம் இராணுவ வைத்தியர். அவர் இளமையில் வாதக் காய்ச்சலால் நெடுநாள் படுக்கையிற் கிடந்து, பின்னர்ப் பாரம் தூக்கும் பயிற்சியினால் உடலைத் தேற்றிக்கொண்டவர். தமக்குப் பயன்பட்ட வழி நோயாளருக்கும் பயன்படலாகாதா என்று அவர் எண்ணினார். நோயாளியை மேசையொன்றில் அமர்த்தி, பாதத்தில் இரும்புச் சப்பாத்தொன்றைப் பூட்டி, அதிலே பாரத்தை ஏற்றி, மடிந்த முழங்காலை நீட்டச் செய்தார். தாம் கண்ட பயனை 1945ஆம் ஆண்டில் ஒரு வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டார்.

அவர் வகுத்த முறையில் இரண்டு அளவுகள் இருந்தன. ஒரே தடவை மட்டும் நீட்டக்கூடிய பாரம் ஒன்று. தொடர்ச்சியாகப் பத்துத் தடவை நீட்டிப் பதினொராவது தடவைக்கு முடியாமற் போகும் பாரம் மற்றொன்று. முதலாவது பலத்தை அளக்கும் கோல். இரண்டாவது அன்றாடப் பயிற்சியின் அளவு. இந்தப் ‘பத்துமுறை உச்சம்’ என்னும் கருத்தே பின்வந்த கணக்குகள் அனைத்துக்கும் அடிக்கல் ஆயிற்று. தொடக்கத்தில் டெலோர்ம் ஒரு நாளைக்கு எழுபது முதல் நூறு தடவை வரை தூக்கச் சொன்னார். பின்னர் ஆதர் வொற்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், மூன்று தொடர்களே போதும் என்று வகுத்தார். முதல் தொடரில் பத்துமுறை உச்சத்தின் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழுவதும், ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை. இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் ‘பத்துத் தடவை, மூன்று தொடர்’ என்று சொல்லப்படும் வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பத்துத் தடவை தூக்கும் பாரத்துக்கும் ஒரு தடவை தூக்கும் பாரத்துக்கும் ஒரு நிலையான உறவு இருக்க வேண்டும் என்பது இயல்பாகவே தோன்றும். அவ்வுறவு ஏன் உண்டாகிறது என்பதை அறியத் தசையின் உள்ளே சற்று நோக்க வேண்டும்.

ஒரு தசை என்பது ஒரே கயிறன்று; மெல்லிய தசைநார்கள் பல்லாயிரம் சேர்ந்த கட்டு. இந்நார்கள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கூட்டமும் முண்ணாணிலிருந்து வரும் ஒரு நரம்புக் கலத்தின் ஆணைக்கு அடங்கி நடக்கிறது. நரம்புக் கலமும் அதன் கீழுள்ள நார்களும் சேர்ந்து ஓர் ‘இயக்க அலகு’ எனப்படும். இலேசான வேலைக்குச் சிறிய அலகுகளே முதலில் அழைக்கப்படுகின்றன. பாரம் கூடக் கூடப் பெரிய அலகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வருகின்றன. இவ்வொழுங்கை அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் எல்வுட் ஹெனமன் 1957ஆம் ஆண்டிலும், பின்னர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகளிலும் விளக்கினார். சிறிய அலகுகள் மெதுவானவை, எளிதிற் களைக்காதவை; பெரிய அலகுகள் வலியவை, ஆனால் விரைவிற் களைப்பவை.

இனி, ஒருவர் வாங்கு ஒன்றில் மல்லாந்து படுத்து, 60 கிலோகிராம் பாரமுள்ள தண்டை மார்பளவுக்கு இறக்கி மீண்டும் மேலே தள்ளுகிறார் என்று கொள்க. முதல் தடவை அது அவருக்கு இலகு. அவருடைய இயக்க அலகுகளில் ஒரு பகுதி ஓய்வாகவே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேலை செய்த நார்கள் சிறிது வலுவிழக்கின்றன. அவற்றுக்கு உடனடியாக உதவும் கிரியேற்றின் பொசுபேற்று என்னும் இரசாயனச் சேமிப்பும் சில விநாடிகளிற் குறைந்துவிடுகிறது. குறையை ஈடுசெய்ய, ஓய்வாயிருந்த அலகுகள் அழைக்கப்படுகின்றன. எட்டாவது தடவை தண்டு மிக மெதுவாக, நடுங்கிக்கொண்டே மேலே செல்கிறது. ஒன்பதாவது தடவை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. அந்த எட்டாவது தடவையில், களைத்துப்போன அத்தசையின் உச்சப் பலம் 60 கிலோகிராமே. களைப்பதற்கு முன் அதே தசையின் பலம் அதைவிடக் கூடுதலாய் இருந்தது. எவ்வளவு கூடுதல் என்பதை, எத்தனை தடவை தூக்கிய பின் அது 60க்கு இறங்கி வந்தது என்னும் எண்ணிக்கை காட்டுகிறது. ஒவ்வொரு தடவைக்கும் பலம் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால், பின்னோக்கிக் கணக்கிட்டு, புதிய தசையின் பலத்தை அறிந்துகொள்ளலாம். எல்லாச் சூத்திரங்களின் உட்பொருளும் இதுவே.

அச்சூத்திரங்களுள் மிகுதியாக வழங்குபவை இரண்டு. முதலாவதை அமைத்தவர் பொயிட் எப்லி. அவர் 1969ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்களின் பலப் பயிற்சிக்குப் பொறுப்பாயிருந்தவர். 1985ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய கணக்கு இவ்வாறு அமையும்: தூக்கிய பாரத்தை முப்பதாகப் பிரிக்க வேண்டும், எத்தனை தடவை தூக்கினாரோ அத்தனை பங்குகளை அந்தப் பாரத்தோடு கூட்ட வேண்டும். 60 கிலோகிராமில் முப்பதில் ஒரு பங்கு 2 கிலோகிராம். எட்டுத் தடவை தூக்கியவருக்கு எட்டுப் பங்குகள், அதாவது 16 கிலோகிராம். இதனை 60உடன் கூட்ட 76 கிலோகிராம் வரும். அதுவே அவருடைய உச்சம் என்பது எப்லியின் மதிப்பீடு.

இரண்டாவதை 1993ஆம் ஆண்டில் வெளியிட்டவர் மற் பிறிசிக்கி என்னும் அமெரிக்கப் பயிற்சியாளர். முதல் தடவைக்குப் பின் ஒவ்வொரு தடவைக்கும் உச்சப் பலத்தில் முப்பத்தாறில் ஒரு பங்கு குறைகிறது என்பது அவருடைய கணக்கின் கருத்து. செய்முறை எளிது: பாரத்தை 36ஆற் பெருக்க வேண்டும், 37இலிருந்து தூக்கிய தடவைகளைக் கழித்து, வந்த எண்ணால் அதனை வகுக்க வேண்டும். 60ஐ 36ஆற் பெருக்கினால் 2,160. 37இலிருந்து 8ஐக் கழித்தால் 29. வகுத்தால் ஏறத்தாழ 74½ கிலோகிராம் கிடைக்கும். எப்லியின் விடையோடு ஒப்பிட்டால் வேறுபாடு 1½ கிலோகிராம் மட்டுமே. நடைமுறையில் 75 என்று கொண்டால் பெரிய பிழை நேராது.

வேறு வேறு மனிதர் வேறு வேறு வழியில் அமைத்த இவ்விரு சூத்திரங்களும் ஓரிடத்திற் சரியாகச் சந்திக்கின்றன. பத்துத் தடவை தூக்கியவருக்கு இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. 60 கிலோகிராமைப் பத்துத் தடவை தூக்கியவரின் உச்சம் 80 கிலோகிராம் என்று இரண்டும் சொல்லும். அதாவது, பத்துத் தடவை தூக்கும் பாரம் உச்சத்தின் முக்கால் பங்கு. எழுதுகோலும் கடதாசியும் இல்லாதவர்கள் இந்த ஒன்றை நினைவில் வைத்தாற் போதும். பத்துத் தடவைப் பாரத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் உச்சம் வந்துவிடும்.

ஆனால் பத்தைத் தாண்டியதும் இரண்டும் பிரிந்து செல்லத் தொடங்குகின்றன. அதே 60 கிலோகிராமைப் பன்னிரண்டு தடவை தூக்கியவருக்கு எப்லி 84 என்பார். பிறிசிக்கி 86 என்பார். இது சிறு வேறுபாடே. இருபது தடவை தூக்கியவருக்கோ எப்லி 100 என்று சொல்ல, பிறிசிக்கி 127 என்கிறார். ஒரே மனிதனுக்கு 27 கிலோகிராம் வித்தியாசம்! முப்பத்தேழு தடவை தூக்கிவிட்டால் பிறிசிக்கியின் கணக்கு அடியோடு முறிந்துபோகும். 37இலிருந்து 37ஐக் கழித்தால் எஞ்சுவது பூச்சியம். பூச்சியத்தால் வகுப்பது கணிதத்துக்கு ஒவ்வாதது. மறுபுறம், ஒரே தடவை தூக்கியவரின் விடயத்தில் எப்லியின் கணக்கு தடுமாறுகிறது. 60ஐ ஒரு தடவை மட்டுமே தூக்க முடிந்தவருக்கு 62 என்று அது விடை தரும். பிறிசிக்கியின் கணக்கு சரியாக 60 என்றே சொல்லும். எந்தச் சூத்திரமும் தனக்குரிய எல்லைக்குள் மட்டுமே உண்மை பேசுகிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை.

இவ்வெல்லையை மறந்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்க உதைபந்தாட்டத்தின் வழக்கமொன்று காட்டும். அந்நாட்டில் தொழில்முறைக் கழகங்களுக்கு வீரர்களைத் தெரிவதற்கு முன்னர் நடைபெறும் சோதனைகளில், 225 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 102 கிலோகிராம் பாரத்தை வாங்கிற் படுத்தபடி எத்தனை தடவை தள்ளுகிறார்கள் என்று எண்ணுவது ஒன்று. எல்லாருக்கும் பாரம் ஒன்றே. ஐந்து தடவை தள்ளியவருக்கு உச்சம் ஏறத்தாழ 260 இறாத்தல் என்று நம்பிக்கையோடு சொல்லலாம். இருபத்தைந்து தடவை தள்ளியவருக்கோ ஒரு சூத்திரம் 412 என்றும் மற்றது 675 என்றும் கூறும். அவரிடம் அளக்கப்பட்டது பலம் மட்டும் அன்று; களைப்பைத் தாங்கும் சக்தியும் அதனோடு கலந்து அளக்கப்பட்டுவிட்டது. இரண்டையும் ஒரே எண்ணிலிருந்து பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் இயலாது.

சூத்திரத்தின் எல்லை தடவைகளின் எண்ணிக்கையோடு முடிவதில்லை. தசைக்குத் தசை, பயிற்சிக்குப் பயிற்சி களைப்பின் வேகம் வேறுபடும். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பயிற்சி பெறாத ஆண்கள் தத்தம் உச்சத்தில் நூற்றுக்கு 80 பங்கு பாரத்தை எத்தனை தடவை தூக்கினர் என்று பார்த்தார்கள். கால்களால் தள்ளும் பயிற்சியிற் சராசரியாக ஏறத்தாழ 15 தடவை. வாங்கிற் படுத்துத் தள்ளும் பயிற்சியில் ஏறத்தாழ 10 தடவை. முழங்காலை மடக்கும் பயிற்சியில் ஏறத்தாழ 6 தடவை மட்டுமே. பாரத்தின் பங்கு ஒன்றாயிருந்தும் எண்ணிக்கை இவ்வளவு மாறுகிறது. அந்தப் பதினைந்து தடவையை எப்லியின் கணக்கில் இட்டால், உண்மையான உச்சத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான விடை வரும். அவ்விடையை நம்பி அடுத்த நாள் பாரத்தை ஏற்றுபவருக்கு நேரக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதருக்கு மனிதரும் வேறுபடுவர். நெடுந்தூரம் ஓடிப் பழகியவரின் தசைகள் எளிதிற் களைப்பதில்லை. அவர் தம் உச்சத்தின் முக்கால் பங்கைப் பத்துக்கு மேற்பட்ட தடவைகள் தூக்கிவிடலாம். குறுந்தூரம் பாய்ந்தோடும் வீரர் ஏழு எட்டுத் தடவையிலேயே ஓய்ந்துவிடலாம். கணக்கு முதலாமவரைப் புகழ்ந்தும் இரண்டாமவரைக் குறைத்தும் கூறும். புதிதாகத் தொடங்கியவரிடம் வேறொரு குறை உண்டு. அவர் களைப்பின் உண்மையான எல்லையை இன்னும் அறியார். மூச்சு வாங்கியதும் முடிந்துவிட்டது என்று எண்ணி நிறுத்திவிடுவார். அப்போது வரும் எண் அவருடைய பலத்தை அன்று, பழக்கமின்மையையே அளக்கிறது.

ஆகவே இச்சோதனையைச் செய்ய விரும்புவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்வது நன்று. முதலில், தூக்கும் முறையைச் சில வாரங்களாவது இலேசான பாரத்திற் பழகியிருக்க வேண்டும். சோதனை நாளில் உடலை நன்கு சூடேற்றி, இலேசான பாரத்தில் ஒன்றிரண்டு தொடர்கள் செய்து, சில நிமிடங்கள் ஓய்வெடுக்க வேண்டும். பின்னர், மூன்றுக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் தூக்கக்கூடிய பாரமொன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். எண்ணிக்கை குறையக் குறைய மதிப்பீடு உண்மையை நெருங்கும்; ஆனால் பாரமும் ஆபத்தும் கூடும். புதியவருக்கு எட்டுத் தடவையளவிலும் பழகியவருக்கு ஐந்து தடவையளவிலும் அமைவது ஒரு நடுவழி.

ஒவ்வொரு தடவையும் முழுமையாக இருத்தல் வேண்டும். பாதி இறக்கித் தள்ளியதையும், இடுப்பை வளைத்து உந்தியதையும் எண்ணிக்கையிற் சேர்ப்பது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும். ஒழுங்கு குலைந்த இடத்தில் எண்ணிக்கையும் நின்றுவிட வேண்டும். வாங்கிற் படுத்துச் செய்யும் பயிற்சியில், தலைமாட்டில் ஒருவர் நின்று தண்டைப் பிடிக்க ஆயத்தமாயிருப்பது கட்டாயம். தனியறையில் துணையின்றி இதனைச் செய்து, மார்பிலோ கழுத்திலோ தண்டு இறங்கி உயிரிழந்தோர் உண்டு. வந்த விடையைச் சிறிது குறைத்தே கொள்ளுதல் வேண்டும். 74½க்கும் 76க்கும் இடையில் விடை வந்தால், பயிற்சிக் கணக்குக்கு 75ஐயோ அதனிற் குறைந்ததையோ கொள்வதில் நட்டம் எதுவும் இல்லை. அதில் நூற்றுக்கு 80 பங்கு 60 கிலோகிராம். நூற்றுக்கு 70 பங்கு 52½ கிலோகிராம்.

இம்முறையின் சிறந்த பயன் ஒப்பீட்டில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன் 60 கிலோகிராமை எட்டுத் தடவை தூக்கியவர் இன்று அதே பாரத்தை அதே ஒழுங்கோடு பத்துத் தடவை தூக்குகிறார் என்றால், அவருடைய உச்சம் ஏறத்தாழ 75இலிருந்து 80க்கு உயர்ந்திருக்கிறது. அந்த 80ஐ அவர் ஒரு தடவையேனும் தொடவில்லை. முதல் எண்ணில் இரண்டு கிலோகிராம் பிழை இருந்திருந்தாலும் அதே பிழை இரண்டாவதிலும் பெரும்பாலும் இருக்கும். ஆதலால் முன்னேற்றத்தின் அளவு அவ்வளவாகக் கெடுவதில்லை. ஒரே தராசில் இரு தடவை நிறுத்ததைப் போன்றது இது.

நோயுற்றோரும் முதியோரும் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பாரம் குறைந்தது என்பதனால் மட்டும் ஒரு முயற்சி இலகுவாகிவிடாது. களைப்பின் எல்லைவரை சென்று, மூச்சை அடக்கிக்கொண்டு இறுதித் தடவையைத் தள்ளும்போது இரத்த அழுத்தம் மிக உயர்கிறது. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த கனேடிய ஆய்வொன்றில், இரத்தக் குழாயினுள்ளேயே கருவியைச் செலுத்தி அளந்தபோது, ஆரோக்கியமான இளம் வீரர்கள் கால்களால் பாரத்தைத் தள்ளுகையில் அவர்களுடைய அழுத்தம் 300 மில்லிமீற்றரையும் கடந்து சென்றது. ஓய்விலிருக்கும் ஒருவருக்கு அது 120 அளவில் இருப்பது வழக்கம். இளமையான இருதயம் சில விநாடிகளுக்கு இதனைத் தாங்கும். நோயுற்ற இருதயமும் மெலிந்த இரத்தக் குழாயும் தாங்குமா என்பது வைத்தியர் சொல்ல வேண்டிய விடயம். அத்தகையோர் வைத்தியருடைய அனுமதியின்றி இச்சோதனையிற் புகலாகாது.

இவர்களுக்காகவும், களைப்பின் எல்லையைத் தொட விரும்பாத பிறருக்காகவும், இன்னொரு வழி வழங்கிவருகிறது. எல்லைவரை செல்லாமல், இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவது. ஆறு தடவை தூக்கி, இரண்டு எஞ்சியிருப்பதாக உணர்ந்தவர், எட்டு என்று கொண்டு கணக்கிடுகிறார். இதில் உடலுக்குச் சிரமம் குறைவு; ஆனால் எஞ்சியிருப்பதைச் சரியாக உணர்வதற்குப் பழக்கம் வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தம்மிடம் எஞ்சியிருப்பதைக் குறைத்தே மதிப்பர்.

அண்மைக் காலத்திற் கருவிகளும் துணைக்கு வந்துள்ளன. பாரம் கூடக் கூடத் தண்டு உயரும் வேகம் குறைகிறது. அக்குறைவு பெரும்பாலும் ஒரு நேர்கோட்டைப் போல ஒழுங்காய் இருப்பதை ஆய்வாளர் கண்டனர். வாங்கிற் படுத்துத் தள்ளும் பயிற்சியில், உச்சப் பாரம் உயரும் சராசரி வேகம் விநாடிக்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். ஆகவே இலேசான சில பாரங்களை முழு வேகத்தோடு ஓரிரு தடவை தள்ளச் செய்து, தண்டோடு இணைத்த கருவியால் வேகத்தை அளந்து, அந்தக் கோட்டை நீட்டிப் பார்த்தால், எந்தப் பாரத்தில் வேகம் அவ்வளவுக்கு இறங்கும் என்பதை அறியலாம். களைப்பின்றியே உச்சத்தை மதிப்பிடும் வழி இது. எனினும் இதுவும் மதிப்பீடே. கோட்டை எவ்வளவு தூரம் நீட்டுகிறோமோ அவ்வளவுக்குப் பிழையும் நீளும்.

இவ்வளவும் கேட்ட நேயர் ஒருவர், “அப்படியானால் உண்மையான உச்சத்தைத் தூக்கிப் பார்ப்பதே இல்லையா?” என்று வினவலாம். உண்டு. பாரம் தூக்கும் பந்தயத்தில் அது ஒன்றே வழி. ஒலிம்பிக் பந்தயத்தில் ஒவ்வொரு வீரருக்கும் இரு வகைத் தூக்குகளிலும் மும்மூன்று முயற்சிகளே கொடுக்கப்படுகின்றன. அங்கே எந்தச் சூத்திரத்துக்கும் பதக்கம் இல்லை; தூக்கி நிறுத்திய பாரத்துக்கே பதக்கம். ஆனால் அந்த மேடையில் முதல் முயற்சிக்கு எவ்வளவு பாரம் கேட்பது என்று தீர்மானிப்பதற்கும், அதற்கு முந்திய மாதங்களில் நாளுக்கு நாள் எவ்வளவு தூக்குவது என்று வகுப்பதற்கும், உச்சத்துக்குக் குறைந்த பாரங்களிலிருந்து பெற்ற மதிப்பீடு கைகொடுக்கிறது.

பந்தயத்துக்குச் செல்லாத பெரும்பாலோருக்கு, உச்சத்தை அறிவது அதனைத் தொடுவதற்காக அன்று. அதற்குக் கீழே எங்கே நின்று உழைப்பது என்று தெரிந்துகொள்வதற்காகவே. சிக்காகோவின் அந்த வைத்தியசாலையில் இரும்புச் சப்பாத்தோடு காலை நீட்டிய போர்வீரன் வேண்டியதும் ஒரு பெரிய எண்ணை அன்று. கட்டிலிலிருந்து எழுந்து, தடியின்றி, படிக்கட்டில் ஏறி வீட்டுக்குப் போவதையே அவன் வேண்டினான். கிழமைக்குக் கிழமை ஏறிவந்த எண் அவனுக்கு அந்தப் படிக்கட்டு எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்பதைச் சொல்லிற்று. இன்று வாங்கில் மல்லாந்து படுத்து எட்டு வரை எண்ணும் இளைஞனுக்கும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க முயலும் மூதாட்டிக்கும் அக்கணக்கு செய்யக்கூடிய உதவி அவ்வளவே. அது சிறிய உதவியும் அன்று.